வராத பஸ்ஸுக்கு விட்ட வழி

நாகூரில் ஜொகரா வாத்தியாரிடம் வண்டி ஓட்டப் பழகியவர்கள் எல்லோரும் ஒரு விஷயத்தைச் சொல்வார்கள். அவரிடம் கேள்வி கேட்டால் பதில் வாயிலிருந்து வராது. ஏதாவது ஒரு வேலை வைப்பார். வேலை முடியும்போது பதிலும் கூடவே வந்திருக்கும். வராவிட்டால் மறுபடியும் அதே வேலை.

அவரும் பெண், அவரிடம் பழக வருகிறவர்களும் பெரும்பாலும் பெண்கள். அந்த ஆனி மாதம் மட்டும் அவர்களுக்கு நடுவே நரைத்த மீசையோடு ஒரு ஆள் நின்றார். அவர்தான் மீன்கார அஞ்சப்பன்.

அஞ்சப்பனுக்கு வண்டி ஓட்டத் தெரியாமல் இல்லை. துறைமுகத்தில் மீன் எடுத்துப் பெட்டியில் போட்டு பைக்கின் பின்னால் கட்டி, திருவாரூர் ரோட்டில் உள்ள ஊர்களுக்கெல்லாம் பல வருஷமாகக் கொண்டுபோய் விற்றவர் அவர்தான். மாசி மாதம் ஒரு நெல் லாரி அவரை ரோட்டோரப் பள்ளத்தில் தள்ளியது. கால் எலும்பு கூடிவிட்டது. மனசுதான் கூடவில்லை. பின்னால் லாரி உறுமினால் கை தானாக நடுங்கியது. ஆகவே வாத்தியாரை விட வயதில் மூத்த அவர், பள்ளிக்கூடப் பிள்ளை போல முதலிலிருந்து பழக வந்தார்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் மறுநாள் விடியலில் கரை திரும்ப இருந்தன. அன்றைக்குப் போகாவிட்டால் அவருடைய ஊர்களுக்கு வேறு மீன்காரர் போய்விடுவார். அப்புறம் அந்தத் தெருக்களில் அவருக்கு இடமில்லை. ஆனால் அவர் மனைவி தையல்நாயகி சோறு போட்டபடியே சொல்லிவிட்டாள்.

"போன மாதிரியே திரும்பவும் போறதா இருந்தா, போகவே வேணாம். ஒரு காலு ஒடிஞ்சது போதும், இன்னொரு காலும் ஒடியறதை என்னால பாக்க முடியாது."

அதனால் அன்று காலை வாத்தியாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டே தீருவது என்று அஞ்சப்பன் வந்தார். கூடவே மச்சினன் சித்திரவேலும் வந்தான். அவனும் மீன்காரன்தான். அவன் வருவது அவனுக்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிடும். வண்டியின் சைலன்ஸரை அறுத்து வேறொன்று மாட்டியிருந்தான். அது போட்ட சத்தத்தில் மைதானத்து வேப்பமரத்தின் காகங்கள் மொத்தமும் எழுந்து பறந்தன.

"டீச்சர், ஒரு கேள்வி" என்றார் அஞ்சப்பன்.

"கேளுங்கண்ணே."

"ரோட்டுல நம்ம உயிரை எது காப்பாத்தும்? சைலன்ஸர் சத்தமா, ஹாரன் சத்தமா?"

"இதுல என்ன கேள்வி மச்சான்?" என்று சித்திரவேல் குறுக்கே வந்தான். "ஹாரன்னா அமுக்குனாத்தான் கத்தும். என் வண்டி தானா கத்திக்கிட்டே போகும். கத்துறவனை எவனும் இடிக்கமாட்டான்."

"உன்னை இடிக்கமாட்டான், காது வலி தாங்காம அடிப்பான்" என்றார் அஞ்சப்பன். பிறகு தன் வண்டியைக் காட்டினார். "நான் பஸ்ஸு ஹாரன் மாட்டியிருக்கேன் டீச்சர். தை மாசமே மாட்டுனது. இதைவிடப் பெருசா மாட்டணுமா, இல்ல இவன் மாதிரி சைலன்ஸரை அறுக்கணுமா? அதை மட்டும் சொல்லுங்க."

வாத்தியார் அந்த ஹாரனைச் சற்று நேரம் பார்த்தார்.

"தெருவுக்குள்ள இதை அடிச்சா என்னண்ணே ஆகும்?"

"பொம்பளைங்க சட்டியோட வாசலுக்கு வருவாங்க."

"ரோட்டுல அடிச்சா?"

"விலகிப் போவாங்க."

"ரெண்டும் இதே ஹாரன்தானா?"

அஞ்சப்பன் மீசையைத் தடவினார். அவர் இதுவரை இப்படி யோசித்துப் பார்த்ததில்லை.

"விழுந்த அன்னிக்கும் அடிச்சீங்களா?"

இதைக் கேட்டதும் அஞ்சப்பனுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "அடிச்சேனாவா? விரலை எடுக்கவே இல்லை டீச்சர்! லாரிக்கு இடது பக்கமா எடம் இருந்துச்சு, அடிச்சுக்கிட்டே ஏறுனேன். அந்தப் பாவி என் பக்கமா ஒடிச்சான். அப்புறம் ஆஸ்பத்திரிக்குச் சாத்துக்குடி வாங்கிக்கிட்டு வந்து நிக்கிறான். 'பஸ்ஸுக்கு வழி விட்டேண்ணே' ன்னு சத்தியம் பண்றான். எந்த பஸ்? அன்னிக்கு அந்த ரோட்டுல பஸ்ஸே இல்லை. முன்னால இல்லை, பின்னால இல்லை. சாத்துக்குடிய அவன் மேலயே வீசிட்டேன்."

"பஸ்ஸே இல்லையா?"

"இல்லவே இல்லை. பொய்யன்."

வாத்தியார் உடனே தன் தம்பி ஜபருல்லாவுக்குப் போன் போட்டார்.

மைதானத்தை ஒட்டிப் பாதி போட்டு நின்றுபோன புறவழிச் சாலை ஒன்று இருந்தது. வாத்தியார் பாடம் நடத்துவது அதில்தான். வேறு வண்டி எதுவும் அதில் வராது. சிறிது நேரத்தில் ஜபருல்லா தன் லாரியை அங்கே கொண்டுவந்து நிறுத்தினான். சுமை ஏற்றாத லாரி. பின்னால் தார்ப்பாய் மட்டும் படபடத்தது.

"என்னக்கா, காலங்காத்தால?"

"நேரா ஓட்டிக்கிட்டுப் போ. எப்பவும் போற மாதிரி போ. வேகம் மட்டும் வேணாம். அண்ணன் உன் பக்கத்துல உக்காருவாரு."

பிறகு அஞ்சப்பனிடம் திரும்பினார். "பின்னால ஒரு வண்டி வரும். வருதுன்னு தெரிஞ்ச உடனே கையை வெளிய நீட்டுங்க. அவ்வளவுதான் வேலை."

அவர்கள் இரண்டு பேர் காதிலும் விழாமல் சித்திரவேலிடமும் ஏதோ சொன்னார். அஞ்சப்பன் படியில் கால் வைத்து ஏறினார். லாரிக்குள் உட்காருவது அவருக்கு அதுதான் முதல் தடவை. அத்தனை உயரத்திலிருந்து பார்த்தால் ரோடு வேறு ரோடாகத் தெரிந்தது.

வண்டி கிளம்பியது. கால் மாட்டிலேயே எஞ்சின் இரைந்தது. கதவு ஒரு பக்கம் கடகடத்தது. ஜபருல்லா பாட்டுப் போட்டான். எஞ்சின் இரைகிறது என்று பாட்டைக் கூட்டினான். பாட்டு கூடிவிட்டது என்று தன் குரலையும் கூட்டினான்.

"கால் எப்படிண்ணே இருக்கு?"

"ஆங்?"

"காலு! காலு!"

"இருக்கு, இருக்கு!"

அப்போது முன்கண்ணாடிக்கு வெளியே சித்திரவேல் தெரிந்தான். லாரியைத் தாண்டி அவன் போய்க்கொண்டிருந்தான். அவன் தாண்டிய பிறகுதான் அந்தச் சைலன்ஸர் சத்தம் மொத்தமாக வந்து அஞ்சப்பன் மேல் விழுந்தது. கோயில் தேர் போன பிறகு தெருவில் கிடக்கும் குப்பை போல, சத்தம் எல்லாம் அவனுக்குப் பின்னால்தான் கிடந்தது. அஞ்சப்பனின் கை மடியிலேயே இருந்தது.

லாரி நின்றதும் சித்திரவேல் ஓடி வந்தான். "கேட்டுச்சா மச்சான்?"

"கேட்டுச்சு மாப்ளே."

"பாத்தியா, சொன்னேன்ல!"

"நீ போனப்புறம் கேட்டுச்சு."

சித்திரவேல் வாத்தியாரைப் பார்த்தான். அவர் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காகங்கள் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டிருந்தன.

"அப்ப ஹாரன்தான்" என்றார் அஞ்சப்பன். குரலில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது.

"அதையும் பாத்துடுவோம்" என்றார் வாத்தியார். சித்திரவேல் இந்தத் தடவை அஞ்சப்பனின் வண்டியில் ஏறினான்.

"கிட்ட வந்துடாதே" என்று வாத்தியார் அவனிடம் சத்தமாகவே சொன்னார். "ஒரு பனைமரம் விழுற தூரத்துக்குப் பின்னாலயே வா. தாண்டவே கூடாது."

லாரி மறுபடியும் கிளம்பியது. மறுபடியும் பாட்டு. ஜபருல்லா, கையில் மருதாணி வைத்துக்கொண்டு போனதற்காகத் தன் மகள் பள்ளிக்கூடத்தில் வாங்கிய திட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தான். அஞ்சப்பன் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திடீரென்று பின்னாலிருந்து பஸ் ஹாரன் அலறியது. பாட்டு, எஞ்சின் எல்லாவற்றையும் கிழித்துக்கொண்டு வந்தது. அஞ்சப்பன் தூக்கிவாரிப் போட்டு நிமிர்ந்தார். கையை நீட்ட வேண்டும் என்று நினைவு வருவதற்குள், ஜபருல்லா பேச்சை நிறுத்தாமலே ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தான். லாரி ரோட்டின் இடது ஓரத்துக்கு நகர்ந்தது. சக்கரம் மண்ணைத் தொட்டது. ஓரத்துப் பள்ளம் அஞ்சப்பனின் ஜன்னலுக்கு நேர் கீழே வந்து நின்றது.

அவருக்கு அந்தப் பள்ளத்தைத் தெரியும். இது வேறு ரோடுதான். ஆனாலும் அதைத் தெரியும்.

"ஏன் தம்பி இந்தப் பக்கம் ஒடிச்சே?" குரல் அவருக்கே கேட்கவில்லை. மறுபடியும் கத்தினார். "ஏன் ஒடிச்சே?"

ஜபருல்லா அவரை வினோதமாகப் பார்த்தான். "பஸ்ஸு வருதுல்லண்ணே! வலது பக்கம் ஏறுவான். வழி விட வேணாமா?"

அஞ்சப்பன் ஜன்னல் வழியே தலையை நீட்டிப் பின்னால் பார்த்தார். பஸ் இல்லை. காலியான ரோட்டில், தூரத்தில், அவருடைய வண்டி மட்டும் வந்துகொண்டிருந்தது. மீன் பெட்டிகூட அவருடையதுதான்.

லாரி நின்ற பிறகும் அவர் இறங்கவில்லை. வாத்தியார் கதவருகே வந்து நின்றார்.

"என்னண்ணே?"

"அந்த பஸ்ஸு..." என்று ஆரம்பித்தார். "அன்னிக்கு வந்த பஸ்ஸு நான்தான் டீச்சர்."

சித்திரவேல் அந்த ஹாரனிலிருந்து விரலை எடுத்துக்கொண்டான்.

"சாத்துக்குடிய அவன் மேல வீசிட்டேனே" என்றார் அஞ்சப்பன்.

வாத்தியார் கதவின் மேல் கை வைத்தார். "இறங்காதீங்க. இன்னும் ஒரு வண்டி பாக்கி இருக்கு" என்றார்.

வாத்தியாருடைய வண்டி, பாடம் நடத்தும் பழைய மொபெட். ஓடுகிறதா, அணைந்துவிட்டதா என்று பழகுகிற பெண்கள் குனிந்து பார்த்துக்கொள்வார்கள். அத்தனை அடக்கமான வண்டி. அதை மிதித்துக் கிளப்பினார்.

மூன்றாவது தடவையாக லாரி நகர்ந்தது. ஜபருல்லா விட்ட இடத்திலிருந்து மருதாணிக் கதையைத் தொடங்கினான். அஞ்சப்பன் காதைத் தீட்டிக்கொள்ளவில்லை. அவருக்கு அந்த ஆஸ்பத்திரி வராந்தாவும், தரையில் உருண்ட சாத்துக்குடிகளும், அவற்றைக் குனிந்து பொறுக்கிய ஆளும்தான் கண்ணில் நின்றன.

கண்ணை வெளியே திருப்பினார். பக்கக் கண்ணாடியில் ஒரு முகம் இருந்தது.

முதலில் அது அவருக்குப் புரியக்கூட இல்லை. முக்காடு போட்ட சின்ன முகம். கண்ணாடிக்குள் ஒட்டிவைத்தாற்போல அசையாமல் வந்தது. கிட்டே வரவில்லை. பின்தங்கவும் இல்லை. எப்போதிலிருந்து அங்கே இருக்கிறதோ தெரியவில்லை. அந்தக் கண்கள் நேராக அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

அஞ்சப்பன் கையை வெளியே நீட்டினார்.

கண்ணாடியில் அந்தத் தலை ஒரு முறை அசைந்தது. பிறகு மெல்லப் பின்வாங்கி, வலது பக்கத்துக்கு மாறி, கண்ணாடியை விட்டு மறைந்தது. சிறிது தூரம் போனதும் ஜபருல்லா மருதாணிக் கதையின் நடுவே, தன் பக்க ஜன்னல் வழியே கையை நீட்டி 'போ' என்று வீசினான். வாத்தியார் வலது பக்கமாக ஏறி லாரியைத் தாண்டிப் போனார்.

"உனக்கு எப்பத் தெரியும் தம்பி?"

"அக்கா வர்றதா? இந்தப் பக்கம் மாறுனதுமே கண்ணாடிக்குள்ள வந்து நின்னுட்டாங்களே" என்றான் அவன்.

எல்லோரும் இறங்கினார்கள். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. சித்திரவேலுக்குத்தான் பொறுக்கவில்லை.

"அப்ப என்னதான் டீச்சர் சொல்றீங்க? ஹாரனைப் பிடுங்கி எறிஞ்சுடவா?"

"எதுக்கு? தெருவுல பொம்பளைங்க சட்டியோட காத்திருப்பாங்களே. இந்த பஸ்ஸு ஹாரனை மாத்தி, தெருவுக்கு ஏத்த சின்ன ஹாரனா மாட்டிக்குங்க."

"என் சைலன்ஸர்?"

"காகத்தைக் கேளு."

ஜபருல்லா சிரித்துக்கொண்டே லாரியை எடுத்துக்கொண்டு போனான். அஞ்சப்பன் மட்டும் தன் வண்டியின் மேல் கை வைத்தபடி அப்படியே நின்றார். கை நடுங்கவில்லை. அதை அவர் கவனிக்கவும் இல்லை. வேறொன்று அவரைக் குடைந்தது.

"டீச்சர், நீங்க ஒரு சத்தமும் போடலை. ஹாரனும் அடிக்கலை. நான் உங்களைத் தேடவும் இல்லை, வேற ஏதோ நெனப்புல இருந்தேன். அப்புறம் எப்படி என் கண்ணுல பட்டீங்க?"

"உங்க முகம் கண்ணாடியில தெரியற எடம் பாத்து நின்னேண்ணே. நீங்க பாக்குறவரைக்கும் அங்கேயே இருந்தேன்."

அஞ்சப்பன் தலையாட்டினார். பாதி புரிந்த தலையாட்டல் அது.

வாத்தியார் மொபெட்டை நிழலுக்குத் தள்ளிக்கொண்டு போனார். பாதி வழியில் நின்று திரும்பினார்.

"உங்களைத் தள்ளுன அந்த லாரிக்காரர் முகத்தை நீங்க முதல்ல எங்க பாத்தீங்க?"

அஞ்சப்பன் யோசித்தார். நெல் மூட்டைகள் நினைவுக்கு வந்தன. பின்பலகையில் எழுதியிருந்த எழுத்து நினைவுக்கு வந்தது. இடது பக்கத்துச் சக்கரம் நினைவுக்கு வந்தது. முகம் வரவில்லை.

"ஆஸ்பத்திரியில, டீச்சர்."

"நாளைக்கு எந்த லாரின்னாலும், ஓட்டுறவர் முகத்தை ரோட்டுலயே பாத்துடுங்கண்ணே" என்றார் வாத்தியார்.