நார்ஃபோக் ஆற்றில் போன எலுமிச்சம்பழம்

போன ஆடிச் செவ்வாயில், அம்மன் கோயில் வரிசையில் மாவிளக்குத் தட்டோடு நிற்கும்போது, பூக்கட்டும் தங்கபுஷ்பம் மதினிதான் இதை எனக்கு முதலில் சொன்னாள். நான் சிரித்த சிரிப்பில் என் விளக்கு அணைந்துபோனது. அம்மன் பொறுத்துக்கொள்ளட்டும்.

கோணக்குளத்துச் செண்பகவடிவுக்கு ஒரே மகள், ஆவுடைச்செல்வி. அவள் சீமையில், நார்ஃபோக் என்கிற நாட்டுப்புற மாவட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஏழாம் மாசம், வளைகாப்பு. தாய் கையால் முதல் வளையல் ஏறின பிறகுதான் பிள்ளைத்தாய்ச்சி வாயில் சோறு வைக்கலாம் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். ஆகவே செண்பகவடிவு வளையலை முந்தியில் முடிந்துகொண்டு, வீட்டுக்காரர் குற்றாலிங்கத்தையும் தம்பி பலவேசத்தையும் கூட்டிக்கொண்டு விமானம் ஏறிப் போய்ச் சேர்ந்தாள். கோணக்குளத்துக்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள். அவர்களிடம் உள்ள ஒரே கோளாறு அதுதான்.

அந்த மாவட்டம் முழுக்க ஆறும் ஓடையும் ஏரியுமாகக் கிடக்கும். மகள் வீடும் ஆற்றங்கரையிலேதான். மாமனார் மாமியார் ஊரைப் பார்த்துக்கொண்டே வரட்டும் என்று மாப்பிள்ளை சிவசைலம் ஒரு வாடகைப் படகு பிடித்தார். மேலாற்று ஊர் ஒன்றில் காலையிலே மூன்று பேரையும் ஏற்றி, கையில் ஒரு சீட்டையும் எழுதிக் கொடுத்துவிட்டு, சமையலைப் பார்க்கக் காரில் போய்விட்டார். சீட்டில் மூன்றே வரி. மெதுவாகப் போகவும். பாலம் வந்தால் தலையைக் குனியவும். கரையில் யாராவது கையாட்டினால் பதிலுக்குக் கையாட்டவும், இங்கே அது மரியாதை.

குற்றாலிங்கம் முப்பது வருஷம் மினிபஸ் ஓட்டினவர். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்காமல் ஒரு வண்டியையும் எடுத்ததில்லை. கோயிலில் வைத்து வாங்கின பழம் ஒன்று பையில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு குனிந்து படகுக்கு அடியில் பார்த்தார்.

"இதுக்குச் சக்கரத்தைக் காணோமே."

"அத்தான், உங்க கையில வட்டமா இருக்கே, அது?"

"அது திருப்புற சக்கரம்ல. பாதையில ஓடுற சக்கரந்தான் கணக்கு."

"இதுக்குப் பாதை தண்ணி," என்றான் பலவேசம், ரொம்ப யோசித்து. "பழத்தைத் தண்ணியில வைங்க. படகு ஏறிரும்."

வைத்தார்கள். படகு நகர்ந்தது. படகு தள்ளின தண்ணீரில் பழமும் ஒரு முழம் முன்னால் நகர்ந்தது. படகு இரண்டு முழம் போனால் பழமும் இரண்டு முழம் போனது.

"கொஞ்சம் விரட்டுங்களேன்," என்றாள் செண்பகவடிவு.

"மெதுவாகன்னு சீட்டுல போட்டிருக்குல்லா."

"எட்டி எடுத்துரட்டுமா?" என்றான் பலவேசம்.

"சாமி பேரைச் சொல்லி வச்ச பழத்தை எடுக்கியா? நல்லா இருக்கே," என்றாள் அக்காக்காரி.

"அப்ப அது நசுங்குற வரைக்கும்?"

"நாம இன்னும் கிளம்பலைன்னு அர்த்தம்," என்றார் குற்றாலிங்கம்.

பாலம் வந்தது. மூன்று பேரும் தலையைக் குனிந்தார்கள். பாலம் போனது. ஒரு சின்ன டவுன் போனது. காற்றாலைகள் இரண்டு போயின. எப்போது நிமிரவேண்டும் என்று சீட்டில் இல்லை. கழுத்து வலித்த பிறகு செண்பகவடிவு கேட்டாள்:

"ஊர் எப்படிங்க இருக்கு?"

"உன் கால் விரலுக்கு மருதாணி போடணும்," என்றார் அவர்.

மகள் வீட்டுப் படித்துறையில் ஆவுடைச்செல்வி பட்டுப் புடவையில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றாள். படகைக் கண்டதும் "அம்மா!" என்று கத்தி இரண்டு கையையும் ஆட்டினாள். அந்தச் சத்தத்தில்தான் மூவரும் நிமிர்ந்தார்கள். சீட்டில் உள்ளபடி, ஆறு கையையும் ஆட்டினார்கள்.

"அம்மா, எங்க போறிய? இறங்குங்க, பசிக்கு!"

செண்பகவடிவு முந்தி முடிச்சைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, பிள்ளை பட்டினியா நிக்காளே."

"கிளம்பாம எப்படிட்டி போய்ச் சேர முடியும்? ஒரு நியாயம் வேண்டாமா?"

அது நியாயமாகத்தான் இருந்தது. "இன்னும் கிளம்பலை தாயி, கிளம்பினதும் வந்துருதோம்," என்று கத்திக்கொண்டே அவள் மகளைத் தாண்டிப் போனாள்.

கடல் இறங்குகிற நேரம்; ஆறு அதோடு சேர்ந்து ஓடி, யார்மத் என்கிற கடற்கரை டவுனுக்குப் பழத்தைக் கொண்டுபோனது. அங்கே கடற்பறவைகள் சனங்களின் கையிலிருந்தே உருளைக்கிழங்கு வறுவலைப் பிடுங்கித் தின்றன. யாரும் கோபப்படவில்லை. முகத்துவாரத்துக்குக் கிட்டே பழம் நின்றது. கடல் ஏறத் தொடங்கி, ஆற்றுத் தண்ணீர் பின்னால் திரும்பிற்று. பழம் மெல்லத் திரும்பி வந்த வழியே நடந்தது.

"கோயில் பழமில்லா," என்று செண்பகவடிவு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "கடல் தாண்டக்கூடாதுன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு."

"விமானத்துல தாண்டியாச்சே, அக்கா."

"அப்ப அது பைக்குள்ள இருந்துச்சு. பார்க்கலை."

படகைத் திருப்பி, பழத்தின் பின்னாலேயே வந்தார்கள். சாயங்காலம் மகள் வீட்டுப் படித்துறையை நெருங்கியபோது காற்று படகைக் கரைப்பக்கம் தள்ளியது. படகு படிக்கல்லில் மோதியது. நடுவில் பழம். பச்சக்.

மூவரும் கைகூப்பினார்கள். மாப்பிள்ளை படகைப் பிடித்துக்கொண்டு, "அப்பாடா, இறங்குங்க அத்தை," என்றார். செண்பகவடிவு ஒரு காலைத் தூக்கிவிட்டாள்.

"இரு," என்றார் குற்றாலிங்கம். "இப்பதான் பயணம் கிளம்பியிருக்கு. கிளம்பின உடனே இறங்குவாளா ஒருத்தி?"

"கிளம்புற இடத்துலயிருந்துல்லா கிளம்பணும்," என்றான் பலவேசம். "அது மேலாத்துல இருக்கு."

தூக்கின காலைச் செண்பகவடிவு படகுக்குள்ளேயே வைத்தாள். ஆவுடைச்செல்வி எட்டி அம்மாவின் முந்தியைப் பிடித்து, முடிச்சை அவிழ்த்து, அம்மா கையைக் கொண்டே வளையலைத் தன் கையில் ஏற்றிக்கொண்டாள். பிறகு அங்கேயே படியில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். முதல் கவளம் எலுமிச்சைச் சாதம்.

"இது கணக்கில்லை தாயி," என்று செண்பகவடிவு, மாப்பிள்ளை பிடியை விட்டு நகரும் படகிலிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "நான் இன்னும் வரலை. வந்து முறைப்படி போடுதேன்." மாப்பிள்ளை பின்னாலேயே ஓடிக் கையாட்டினார். மூவரும் மரியாதையாகத் திரும்ப ஆட்டினார்கள். பாலம் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது அந்தப் பக்கம் இருந்தால் ஒன்று சொல்லிவிடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். ஆற்றில் தலைகுனிந்து மூன்று பேர் போகக் கண்டால் கையாட்ட வேண்டாம். பேரனுக்குப் பல் முளைத்துவிட்டது, நிமிர்ந்து பாருங்கள் என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.