நிழலை அளந்து கல் நட்ட நாலு பேர்

கல்மேல்குப்பம் தாலுகா ஆபீஸ் வாசலில் இருபத்திரண்டு வருஷமாக மனு எழுதிக் கொடுக்கிறேன். எத்தனையோ தாசில்தார்கள் வந்தார்கள், போனார்கள். வராமலும் போகாமலும் அப்படியே இருப்பது நில அளவைப் பிரிவு ஒன்றுதான். அதில் நாலு பேர். கோதண்டபாணி சர்வேயர். அருளப்பன் படம் வரைகிறவர். பச்சையப்பனும் முனிரத்தினமும் அளக்கிற சங்கிலியைப் பிடிக்கிறவர்கள். நாலு பேரும் தங்கமான மனுஷர்கள், கை சுத்தம். எழுத்தில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே செய்வார்கள். இதை ஒரு குறை என்று சொன்னால் கவர்ன்மெண்ட் என்மேல் கோபித்துக்கொள்ளும்.

ஒருதரம் ரெக்கார்டு ரூமில் 'கதவைச் சாத்திவிட்டு உள்ளே வரவும்' என்று போர்டு மாட்டினார்கள். நாலு பேரும் போனார்கள், கதவைச் சாத்தினார்கள். அப்புறம் உள்ளே போக வழியில்லை. சாயங்காலம் வரைக்கும் வெளியிலேயே நின்றுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

இப்படிப்பட்டவர்களிடம்தான் ஞானசவுந்தரி அம்மா தன் நாயை விட்டுவிட்டுப் போனார்.

அந்த அம்மா எங்கள் தாசில்தார். மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. தனி ஆள். ராத்திரி அவரோடு சாப்பிட உட்கார்கிற ஒரே ஜீவன் அந்த நாய். முழங்கால் உயரம்கூட இராது. சப்பை மூக்கு, பிறந்ததிலிருந்தே கவலைப்படுகிற மாதிரி ஒரு முகம், சுருண்ட வால். அந்த வாலுக்காகவே ஜாங்கிரி என்று பெயர். சப்பை மூக்கு நாய்க்கு வெயில் ஆகாது, மூச்சு முட்டி அரைமணியில் உயிர் போய்விடும் என்று டாக்டர் சொல்லி வைத்திருந்தார்.

அன்றைக்குக் கத்திரி வெயில். குவார்ட்டர்ஸில் நாள் முழுக்க கரண்ட் கிடையாது. அம்மாவுக்குக் கலெக்டர் மீட்டிங். நில அளவைப் பிரிவுக்கு எதிரே பெரிய புங்கமரம் இருப்பதைப் பார்த்து, அங்கேயே கொண்டு வந்து விட்டார். வெள்ளைத் தாளில் ஐந்து வரி எழுதிக் கொடுத்தார். எழுதியதோடு நிறுத்தியிருக்கலாம். கையெழுத்தும் போட்டுவிட்டார்.

ஒன்று, ஜாங்கிரியை நிழலை விட்டு வெளியே விடக்கூடாது. இரண்டு, தண்ணீர் எப்போதும் அதன் பக்கத்தில் இருக்க வேண்டும். மூன்று, ரோட்டில் நடக்க விடுவதற்கு முன் தாரின்மேல் புறங்கையை வைத்து ஏழு வரை எண்ணிப் பார்க்கவும். கை பொறுத்தால் மட்டும் நடக்க விடலாம். நான்கு, வண்டிக்குள் தனியாக விடக்கூடாது. ஐந்து, ரொம்ப மூச்சு வாங்கினால் எதிரே இருக்கும் மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவும்.

"சர்வேயர் சார், உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன். இதுக்கு ஒண்ணுன்னா என்னால தாங்க முடியாது" என்றார் அம்மா.

"ஒரு எழுத்து பிசகாது மேடம்" என்றார் கோதண்டபாணி. பிசகவில்லை.

அம்மாவின் கார் தெருமுனை திரும்பியதும் நாலு பேரும் தாளைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"நிழலை விட்டு வெளியே விடக்கூடாதுன்னு இருக்கு. நிழல் எதுன்னு முதல்ல தெரியணுமே?" என்றார் கோதண்டபாணி.

"அதோ கீதே சார், மரத்தாண்ட" என்றார் முனிரத்தினம்.

"கண்ணால பார்த்துச் சொல்றதுக்கு நாம எதுக்குய்யா? வடக்கே எது வரைக்கும்? மேற்கே எது வரைக்கும்? மத்தியானம் வெயில் வந்து இது என் இடம்னு சொன்னா, என்ன ஆதாரம் காட்டுவே?"

முனிரத்தினத்திடம் ஆதாரம் இல்லை. ஆகவே சங்கிலியை எடுத்தார்கள்.

வயலுக்கு நாலு மூலை இருக்கும். நிழலுக்குப் பதினேழு மூலை இருந்தது. ஒவ்வொரு மூலைக்கும் ஒரு எல்லைக்கல். பின்பக்கம் சும்மா கிடந்த கற்களைத் தூக்கிவந்து குழி தோண்டி நட்டார்கள். பதினேழாவது கல்லை நட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தால் முதல் கல் வெயிலில் இருந்தது.

"அளவு தப்பு" என்றார் கோதண்டபாணி. எல்லாவற்றையும் பிடுங்கி மறுபடி நட்டார்கள். மறுபடியும் முதல் கல் வெயிலில்.

"சார், நிழல் நகருது போலிருக்கு" என்றார் அருளப்பன் மெதுவாக.

கோதண்டபாணி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "நிலம் நகருமா? கல் நகருமா? நீ வரைஞ்ச படம் நகருமா? நாலுல மூணு ஒழுங்கா இருக்கும்போது, நகர்ற ஒண்ணுக்காக நாம மாத்திக்கிட்டே இருந்தா ஆபீஸ் நடக்குமா?"

பத்து மணிக்கு எங்கே இருந்ததோ அதுவே நிழல் என்று முடிவாயிற்று. அருளப்பன் படம் வரைந்து பச்சை மை தீட்டினார். நாலு பேரும் கையெழுத்திட்டார்கள். காலை வெயிலில் நிழல் மேற்கே சாய்ந்து கிடந்ததால் மரம் அந்த எல்லைக்குள் வரவில்லை. அதனால் மரத்துக்கும் நாய்க்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று ஒரு குறிப்பும் எழுதிவைத்தார்கள். ஜாங்கிரியை மேற்கோரக் கல்லில் கொஞ்சம் நீளமான கயிற்றில் கட்டினார்கள்.

உச்சி வெயில் வந்தது. நிழல் நகர்ந்து மரத்தடிக்குப் போனது. ஜாங்கிரியும் எழுந்து கூடவே போய்ப் படுத்துக்கொண்டது.

"சார், எல்லை மீறிடுச்சு!" என்று கத்தினார் பச்சையப்பன்.

பிடித்து இழுத்துவந்து கல்லுக்குள் விட்டார்கள். அது மறுபடி போனது. மறுபடி இழுத்து வந்தார்கள். நாலாவது தடவை கயிற்றைக் குட்டையாக்கிவிட்டார்கள். ஜாங்கிரி கொளுத்துகிற வெயிலில், சட்டப்படி நிழலில், உட்கார்ந்திருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துபோய், "ஏன்யா, கண்ணு தெரியலையா? மரத்தடியில கட்டுங்கய்யா, நாய் செத்துரும்" என்று சத்தம் போட்டேன்.

"வாய்மொழி உத்தரவு செல்லாதுங்க" என்றார் கோதண்டபாணி. "எழுதிக் கொடுங்க. மேடத்துக்கு அனுப்பி, கையெழுத்தாகி வரட்டும்."

இதற்குள் ஜாங்கிரி தண்ணீர்ச் சட்டியிடம் போய்விட்டது. பச்சையப்பன் சட்டென்று சட்டியின்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும்னு எழுதியிருக்கு சார். இது குடிச்சிட்டா தண்ணி எங்க இருக்கும்?"

"வயித்துக்குள்ள" என்றார் அருளப்பன்.

"அப்போ பக்கத்துல இருக்குமா?"

நாலு பேரும் யோசித்தார்கள். இருக்காது. சட்டியை ஒரு தட்டால் மூடி, தட்டின்மேல் ஒரு செங்கல்லும் வைத்தார்கள். ஜாங்கிரி கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு முன்னங்காலால் ஒரு தட்டு தட்டியது. செங்கல் ஒருபக்கம், தட்டு ஒருபக்கம். பாதித் தண்ணீரைக் குடித்துவிட்டு, மீதித் தண்ணீரில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அந்த ஆபீஸில் அன்று நடந்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

ஆனாலும் வெயில் வெயில்தானே. இரண்டு மணி சுமாருக்கு நாக்கு ஒரு முழம் தொங்கியது. விலா அடித்துக்கொண்டது. கோதண்டபாணி கையிலிருந்த ஃபைலால் அதற்கு விசிறினார். "விசிறச் சொல்லி எழுதலையே சார்" என்று அருளப்பன் ஞாபகப்படுத்தியதும் நிறுத்திவிட்டார். அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன்.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகணும்" என்றார்.

மாட்டாஸ்பத்திரி ரோட்டுக்கு அந்தப் பக்கம், இருபது அடி தூரம். முனிரத்தினம் குனிந்து தாரில் புறங்கையை வைத்தார். "ஒண்ணு, ரெண்டு, ஐயோ!" பச்சையப்பன் மூன்று வரை போனார். அருளப்பன் எண்ணவே இல்லை. கோதண்டபாணி பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்து வரை போய், கையை உதறிக்கொண்டு குதித்தார்.

"தூக்கிக்கிட்டு ஓடுங்கய்யா!" என்று கத்தினேன்.

"கூட்டிப் போகவும்னு இருக்கு. தூக்கிப் போகவும்னு இல்லை" என்றார் அருளப்பன்.

பச்சையப்பனுக்கு ஒரு யோசனை தோன்றியது. "சார், கை பொறுத்தால்னுதான் இருக்கு. யார் கைன்னு இல்லையே?"

உடனே வாசலில் டீக்கடை வைத்திருக்கும் மஸ்தான் பாயைக் கூட்டிவந்தார்கள். கொதிக்கிற பால் சட்டியை வெறுங்கையால் இறக்குகிறவர் அவர். தாரில் புறங்கையை வைத்து இருபது வரை எண்ணிவிட்டு, "இன்னும் எவ்ளோ நேரம் வெக்கணும்? கடையில ஆள் நிக்குது" என்றார்.

நடக்கவிடலாம் என்று ஆயிற்று. நாய் சம்மதிக்க வேண்டுமே. ஜாங்கிரி ஒரு காலை ரோட்டில் வைத்தது, எடுத்தது, நாலு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தது, அப்படியே உட்கார்ந்துவிட்டது. அது தாளைப் படிக்கவில்லை.

"அப்போ வண்டியிலதான் போகணும்" என்றார் கோதண்டபாணி.

ஆபீஸ் பின்னால் ஒரு பழைய ஜீப் வெயிலில் நின்றது. அது கடைசியாக எப்போது ஓடியது என்று யாருக்கும் நினைவில்லை. ஓட்டுகிற டிரைவரும் அம்மாவோடு போயிருந்தார். இதெல்லாம் தாளில் இல்லாத விஷயங்கள். தாளில் இருந்தது ஒன்றுதான், தனியாக விடக்கூடாது. நாயை உள்ளே விட்டு, நாலு பேரும் உள்ளே ஏறி, அது குதித்துவிடாமலிருக்க ரெக்சின் படுதாவை நாலு பக்கமும் இழுத்துக் கட்டிக்கொண்டு, டிரைவர் வரட்டும் என்று காத்திருந்தார்கள்.

உள்ளே இட்லிப் பானை மாதிரி இருந்திருக்கும். படுதாவைக் கிழித்தாவது நாயை வெளியே எடுப்பது என்று எழுந்து ஓடினேன். நான் போவதற்குள், துருப்பிடித்த ஜீப்பின் அடியில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சப்பை மூக்கு வெளியே வந்தது. பிறகு தலை வந்தது, பிறகு வால் வந்தது. ஜாங்கிரி ஒரு உதறு உதறிவிட்டு, சுவர் நிழலை ஒட்டியே நடந்து, மஸ்தான் பாய் கடைக்குப் போனது. அங்கே மண்பானை வைத்த பெஞ்சுக்கு அடியில், பானைத் தண்ணீர் கசிந்து சொட்டுச் சொட்டாக நனைந்துகொண்டிருந்த மணலை இரண்டு பிறாண்டு பிறாண்டி, வயிற்றை அதில் அழுத்திப் படுத்துவிட்டது. பாய் தன் தோள் துண்டை நனைத்து அதன்மேல் போர்த்தினார். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மறுபடியும் கல்லுக்குள் கொண்டுபோய்க் கட்டிவிடுவார்கள்.

ஐந்து மணிக்கு அம்மா வந்தார். கல்லைப் பார்த்தார், அறுந்த மாதிரி கிடந்த கயிற்றைப் பார்த்தார். "ஜாங்கிரி!" என்று அவர் போட்ட சத்தத்தில் ஜீப் படுதா விலகியது. நாலு பேரும் தொப்பலாக நனைந்து, முழி பிதுங்கி, ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தபடி இறங்கினார்கள். பச்சையப்பன் மடித்த துண்டு ஒன்றை மடியில் வைத்துத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இறங்கினார். படுதா இருட்டில் அதுதான் நாய் என்று இரண்டு மணி நேரமாக நினைத்திருக்கிறார்.

"எங்க என் குழந்தை?"

கோதண்டபாணி துண்டைப் பார்த்தார். "தனியா விடலைங்க மேடம்" என்றார். அப்புறம் அவருக்கே அழுகை வந்துவிட்டது. "அதுதான் எங்களைத் தனியா விட்டுட்டுப் போயிருக்கு."

அம்மா துண்டைப் பிடுங்கி உதறிப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் நான் டீக்கடையைக் காட்டினேன். ஓடினார். தாசில்தார் என்பதை மறந்து மணலில் மண்டியிட்டு, பெஞ்சுக்கடியில் கையைவிட்டு, ஈரத்துண்டோடு நாயை வாரி எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு, எல்லார் முன்னாலும் அழுதார். ஜாங்கிரி தூக்கம் கலைந்த எரிச்சலில் ஒரு கொட்டாவி விட்டது.

அழுது முடித்ததும் கோபம் வந்தது. என்னிடமிருந்தே ஒரு தாளைப் பிடுங்கி, பழைய ஐந்து வரியையும் ரத்து செய்து, ஒரே ஒரு வரி எழுதினார். 'ஜாங்கிரி எங்கே போகிறதோ அங்கே நீங்கள் நால்வரும் போகவும், எங்கே படுக்கிறதோ அங்கேயே இருக்கவும், அதற்கு எல்லாம் தெரியும்.' கீழே கையெழுத்து. இருபத்திரண்டு வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், இந்த உத்தரவு எந்தத் தேதி வரைக்கும் என்று ஒரு வார்த்தை எழுதியிருக்க வேண்டும்.

திங்கட்கிழமை மனு நாள். ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். மேட்டுக்குடிசை வரதப்பன் என்ற விவசாயியின் முறை வந்தது. அவர் நிலத்தை அளக்கச் சொன்ன உத்தரவில் எந்தக் கிழமை என்று எழுதாததால் எட்டு மாதமாக அளக்காமல் இருந்தார்கள்.

"சர்வேயர் எங்கே?" என்று அதட்டினார் அம்மா.

"இங்கதான் மேடம்" என்று மேஜைக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

குனிந்து பார்த்தார். குளுகுளுவென்ற சிமெண்டுத் தரையில் ஜாங்கிரி கால் பரப்பிப் படுத்திருந்தது. அதைச் சுற்றி நாலு பேரும் முழங்காலைக் கட்டிக்கொண்டு, சங்கிலியும் கையுமாக, நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"எழுந்து போய் இவர் நிலத்தை அளங்க!"

"அது இன்னும் எழுந்திருக்கலைங்களே மேடம்" என்றார் கோதண்டபாணி மரியாதையாக.

வரதப்பன் படிக்காதவர், ஆனால் விவரமானவர். பையிலிருந்து, டீயில் தொட்டுத் தின்கிற பொறை ஒன்றை எடுத்து நீட்டினார். ஜாங்கிரி எழுந்தது. நாலு பேரும் எழுந்தார்கள். மேஜையும் கொஞ்சம் எழுந்தது. வெயில் தாழ்ந்த பிறகு, பொறைக்குப் பின்னால் நாயும் நாய்க்குப் பின்னால் நாலு பேருமாக மேட்டுக்குடிசைக்குப் போனார்கள். இருட்டுவதற்குள் எட்டு மாத வேலை முடிந்தது.

மறுநாள் விடியற்காலையிலேயே என் முன்னால் பதினோரு பேர் நின்றார்கள். எல்லாருக்கும் ஒரே மனுதான் வேண்டுமாம். நானும் மறுக்கவில்லை, மனு எழுதுவதுதானே என் தொழில். பேனாவை உதறிவிட்டு, முறைப்படி ஆரம்பித்தேன்:

'பெறுநர்: உயர்திரு ஜாங்கிரி அவர்கள், மேஜையின் கீழ், வட்டாட்சியர் அலுவலகம், கல்மேல்குப்பம். பொருள்: நிலம் அளக்க வேண்டுதல். இணைப்பு: பொறை, இரண்டு.'