தலை அரிப்பைத் தின்ற கொக்கு

மாடும் மனுசனும் கொக்கும் ஒரே பேச்சுப் பேசித் திரிந்த காலம் அது. அப்போது எல்லா உயிருக்கும் தலையில் ஓர் அரிப்பு இருந்தது. பேன் அரிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். இது யோசனை அரிப்பு. ஒரு விஷயம் புரியவில்லை என்றால் உச்சந்தலையில் குறுகுறு என்று ஆரம்பிக்கும். எண்ணெய் தேய்த்தாலும் போகாது, கண்மாயில் முங்கி எழுந்தாலும் போகாது. விடையை அவரவரே கண்டுபிடித்தால்தான் அடங்கும். அடங்கும்போது ஒரு சுகம் இருக்கும் பாருங்கள், அது அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். மறுநாள் வேறொன்று அரிக்கும்.

அந்த அரிப்பால்தான் மனுசன் கல்லோடு கல்லை உரசி நெருப்பு உண்டாக்கினான், கண்மாய்க்குக் கரை போட்டான். ஆனால் அப்போது எல்லாரையும்விடப் பெரிய அறிவாளி யார் தெரியுமா? எருமை. சிரிக்காதீர்கள். கூழப்பட்டிக்காரர்களுக்குக் கண்மாய் வெட்ட இடம் காட்டியதே ஓர் எருமைதான்.

ஒரு வருசம் மழை பொய்த்தது. மீன் கிடைக்காமல் ஒரு கொக்கு வயிறு ஒட்டிப்போய்க் கண்மாய்க் கரையில் நின்றது. பக்கத்தில் அந்த எருமை, "இந்தத் தண்ணியெல்லாம் எங்கேதான் போச்சு?" என்று யோசித்து யோசித்து, அரிப்புத் தாங்காமல் கருவேல மரத்தில் தலையை முட்டிக்கொண்டிருந்தது.

"கொக்கண்ணே, உச்சியில கொஞ்சம் கொத்தி விடேன். உயிர் போகுது," என்றது எருமை.

கொக்கு கொத்தியது. அலகில் உண்ணி மாதிரி என்னவோ சிக்கியது. விழுங்கிப் பார்த்தது. அயிரை மீன் தோற்றது போங்கள், அப்படி ஒரு ருசி. எருமைக்கோ அரிப்பு அடியோடு நின்றுவிட்டது. "அடடா, என்ன சுகம்!" என்று அப்படியே படுத்துவிட்டது. தண்ணீர் எங்கே போனது என்ற கவலை அதற்கு இப்போது இல்லை. தண்ணீர் போனதே அதற்கு நினைவில்லை.

அந்த வட்டாரத்து எருமைகளை எல்லாம் ஒரு கை பார்த்த பிறகு, கொக்கு தன் உற்றார் உறவினரைக் கூட்டிக்கொண்டு கூழப்பட்டிக்கு வந்தது. ஊர்த் தலைவர் தவசி அம்பலம் வேப்பமரத்தடியில் தலைப்பாகையை அவிழ்த்து வைத்துவிட்டு வறட்டு வறட்டென்று சொரிந்துகொண்டிருந்தார். கண்மாயின் கிழக்கு மூலைக் கரை வருசா வருசம் உள்வாங்கிக்கொண்டே இருந்தது. ஏன் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"உங்களுக்கு எதுக்கய்யா இந்தத் தலைவேதனை?" என்றது கொக்கு. "உங்க கேள்வியை நான் தின்னுடறேன். விடை வேணும்னா என்கிட்ட கேட்டுக்கோங்க. நான் மேலேருந்து பார்க்கிறவன், எனக்குத் தெரியாததா?"

ஒரே கொத்து. அம்பலம் அன்று மத்தியானம் குறட்டை விட்டுத் தூங்கினார். கரையைப் பற்றிக் கேட்டவர்களிடம், "கொக்கு சும்மா விடச் சொல்லுச்சு," என்றார்.

அவ்வளவுதான். எனக்கு, உனக்கு என்று ஊரே முண்டியடித்தது. அம்பலத்துக்கு அடுத்த கொத்து எந்த வகையறாவுக்கு என்று பெரிய தகராறு. "எங்க பாட்டன் கரை போட்டவன், எங்களுக்குத்தான் அடுத்த மரியாதை," என்றது மேலத்தெரு. "அந்தக் கரைக்கு மண் சுமந்தது யாரு?" என்றது கீழத்தெரு. யாருடைய அறிவு முதலில் போவது என்று வெட்டுக்குத்து நடக்காத குறை. இந்தக் கூத்து உலகத்தில் வேறெங்கே நடக்கும்? நம் ஊரில்தான் நடக்கும்.

ஒச்சாயி மட்டும் தலையைக் கொடுக்கவில்லை. அவள் தவசி அம்பலத்தின் கூடப்பிறந்த தங்கை. கண்மாய் மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவள் வேலை. இருக்கிற கொஞ்சத் தண்ணீரில் எந்த வயலுக்கு எவ்வளவு, எப்போது என்று நாள் முழுக்க அவளுக்குத் தலை அரித்துக்கொண்டே இருக்கும். ஊர் வரிசையில் நின்ற அன்றைக்கு அவள் மடையில் நின்றாள். பிறகு போகலாம் என்றுதான் இருந்தாள். வீட்டுக்கு வந்து புருசனைப் பார்த்ததும் அந்த நினைப்பு போய்விட்டது.

அவள் புருசன் சின்னாண்டி தச்சன். மடைப் பலகையைத் தண்ணீர் கசியாமல் செய்கிற வித்தையை எட்டு மாதம் மண்டையைச் சொரிந்து கண்டுபிடித்தவன். அப்படிப்பட்டவன் இப்போது உளியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சோறு போட்டால் சாப்பிட்டான். "போதுமா?" என்று கேட்டாள்.

"கொக்கைக் கேட்டுச் சொல்றேன்," என்றான்.

ஊரில் எங்கே திரும்பினாலும் இதே கதைதான். கம்பங்காட்டில் ஆடு மேய்ந்தால் நாலு பேர் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். ஒருவன் கொக்கிடம் ஓடுவான். "விரட்டு," என்று கொக்கு சொல்லும். விரட்டுவார்கள். மறுநாள் அதே ஆடு, அதே காடு, மறுபடியும் கொக்கிடம் ஓட்டம். கொக்குகளுக்கும் புதுக் கேள்வி எதுவும் கிடைக்காததால் புது விடை எதுவும் வரவில்லை. ஒன்று சொன்னதை இன்னொன்று சொன்னது. அதையே பெரிய ஞானம் என்று ஊர் தலையாட்டியது.

ஒரு வருசம் ஓடியது. பெரியவர்கள் தலையெல்லாம் சுத்தமாகிவிட்டது. கொக்குகளுக்கு மறுபடியும் பசி. ஊரில் அரிப்பு மிச்சம் இருந்தது ஒச்சாயி தலையிலும் பிள்ளைகள் தலையிலும்தான். கொக்கு சொல்லிக்கொடுத்தபடி அம்பலம் தமுக்கடித்துச் சொல்லச் சொன்னார்:

"வர்ற வெள்ளிக்கிழமை, பேச்சு வந்த பிள்ளைங்க எல்லாத்துக்கும் தலைகொத்து! மொட்டை போடுற மாதிரி, காது குத்துற மாதிரி, இதுவும் இனிமே ஊர் வழக்கம். மாமன் மடியில வச்சுக் கொத்தணும்!"

ஒச்சாயிக்கு ஒரே பெண், தும்பை. நாலு வயசு. அது வாயைத் திறந்தால் ஏன், எதுக்கு, எப்படி என்பதைத் தவிர வேறு வராது. "நண்டு ஏம்மா பக்கவாட்டுல நடக்குது? நிழலு ஏம்மா காலுல ஒட்டிக்கிட்டே வருது?" கேட்டுக் கேட்டு உயிரை வாங்கிவிடும். அந்தச் சத்தம் நின்று போன வீட்டை நினைத்துப் பார்த்தாள் ஒச்சாயி. ஒரு பக்கம் புருசன் உட்கார்ந்திருப்பான், மறுபக்கம் மகள் உட்கார்ந்திருப்பாள். அவளால் தாங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை வேப்பமரத்தடியில் ஊர் கூடியது. மேளம், பூ, பொங்கல் எல்லாம் உண்டு. முதல் தலை அம்பலத்தின் மருமகள் தும்பையின் தலைதான் என்று முடிவாகியிருந்தது. அவர் மடியைத் தட்டிக் கூப்பிட்டார்.

"கொண்டா தாயி, மருமகளை."

"தர மாட்டேண்ணே," என்றாள் ஒச்சாயி.

மேளம் நின்றது. அம்பலத்துக்கு முகம் சிறுத்துவிட்டது. "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சுப் பேசுறே? ஊரோட ஒத்து வாழணும்."

"ஊரு ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்பாங்க. இங்கே ஊரு மொத்தமும் படுத்துக் கிடக்குது, கொக்குக்குக் கொண்டாட்டம். என் பிள்ளையும் படுக்கணுமா? நான் உசிரோட இருக்கிறவரைக்கும் நடக்காது."

"உன்னை ஊரை விட்டுத் தள்ளி வச்சிருவோம். குடிக்கத் தண்ணி கிடைக்காது, பார்த்துக்க."

"தாராளமா வைங்க. மடையைத் திறக்கிறவளே நான்தான். எனக்கு எவன் தண்ணி கொடுக்கிறது?"

எல்லாரும் கொக்கைத் திரும்பிப் பார்த்தார்கள். கொக்கு ஒற்றைக் காலில் முன்னால் வந்து, தேன் ஒழுகப் பேசியது.

"ஏம்மா கோவிச்சுக்கிறே? குழந்தை கஷ்டப்படாம வளரட்டும்னுதானே சொல்றேன். உன்னை மாதிரி அதுவும் ராப்பகலாச் சொரிஞ்சுக்கிட்டுக் கிடக்கணுமா?"

தாயின் முந்தானையைப் பிடித்து நின்ற தும்பை தலையை நீட்டியது.

"ஏங் கொக்கு, எங்க தலை அரிச்சா உனக்கு ஏன் பசிக்குது?"

கொக்கு ஆயிரம் கேள்விகளைத் தின்றிருக்கிறது. இப்படி ஒரு கேள்வியைத் தின்றதில்லை. அதற்கு எச்சில் ஊறியது. பேச்சை விட்டுவிட்டுப் பாய்ந்தது. பிள்ளையின் உச்சியைக் குறி வைத்து ஒரே கொத்து.

ஒச்சாயி அதற்குள் பிள்ளை தலையைக் கையால் பொத்திவிட்டாள். அலகு அவள் புறங்கையில் இறங்கியது. ரத்தம் பிள்ளையின் நெற்றியில் வழிந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

"கொத்து! இன்னும் கொத்து! கை எலும்பு தெரிஞ்சாலும் எடுக்க மாட்டேன்!"

சின்னாண்டி கூட்டத்தில் முன்வரிசையில்தான் நின்றான். பெண்டாட்டி கையில் ரத்தம் சொட்டுவதைப் பார்த்தான். என்ன செய்வதென்று தெரியாமல் கொக்கின் முகத்தைப் பார்த்தான்.

ஒச்சாயிக்கு வந்ததே ஓர் ஆத்திரம். "அடப் பாவி மனுசா! என் ரத்தத்தைப் பார்த்த பிறகும் கொக்கைக் கேட்கிறியா?" என்று ஒரு கையால் அவன் குடுமியைப் பிடித்து இழுத்து, நங்கென்று அவன் மண்டையில் தன் மண்டையால் முட்டினாள்.

அவள் கோபத்தில் முட்டியதுதான். ஆனால் பேன் எப்படித் தலை விட்டுத் தலை ஏறுமோ, அப்படி அவள் தலை அரிப்பு அவன் தலைக்கு ஏறிவிட்டது. காலியாகக் கிடந்த மண்டை அல்லவா, தாங்குமா? "ஐயையோ, அரிக்குதே!" என்று இரண்டு கையாலும் சொரிந்தான், துள்ளினான், தரையில் புரண்டான். எழுந்து அவள் கையைப் பிடித்தான்.

"ஒச்சாயி, உன் கையில ஏன் ரத்தம்?"

ஒரு வருசம் கழித்து அவன் கேட்ட முதல் கேள்வி. ஒச்சாயி ஓவென்று அழுதுவிட்டாள். கொத்து வாங்கியபோது அழாதவள் அப்போது அழுதாள்.

பிறகு நடந்ததைக் கேட்க வேண்டுமா! தும்பை கேட்ட கேள்வி மற்றப் பிள்ளைகள் தலையையும் அரிக்க ஆரம்பித்திருந்தது. அதுகள் ஓடிப்போய் அப்பன் தலையில் முட்டின, ஆத்தா தலையில் முட்டின, பெரியப்பன் சித்தப்பன் ஒருத்தரை விடவில்லை. ஊரே சொரிந்தது, ஊரே கத்தியது. "என் கம்பங்காட்டுக்கு ஏன்டா வேலி போடலை?" என்று ஒருவன் தன்னைத் தானே திட்டிக்கொண்டான். கொக்குகள் விட்டதைப் பிடிக்கப் பறந்து பறந்து பார்த்தன. எல்லாரும் ஒரு கையால் தலையைப் பொத்திக்கொண்டு மறு கையால் கம்பை எடுத்தார்கள். மேளக்காரன் மேளக் குச்சியையே எறிந்தான்.

தவசி அம்பலம் மட்டும் தலைப்பாகையை அவிழ்க்கவில்லை. "சின்னப் பிள்ளைகிட்ட நான் தலை குனியறதா?" என்று விறைப்பாக நின்றார். கடைசிவரை அப்படியே இருந்தார். அவர் வம்சம் இன்றைக்கும் ஊருக்கு நாலு பேர் இருக்கிறது. யார் என்று என்னைக் கேட்காதீர்கள், உங்களுக்கே தெரியும்.

மேற்கே மேகம் திரண்டிருந்தது. சின்னாண்டியும் ஒச்சாயியும் ஊரைக் கூட்டிக்கொண்டு கிழக்கு மூலைக் கரைக்கு ஓடினார்கள். தோண்டிப் பார்த்தால் உள்ளே முழுக்க நண்டு வளை. களிமண்ணை மிதித்து அடைத்தார்கள். அந்த வருசம் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. கரை நின்றது.

மழைக்கு முன்னால் ஒச்சாயி எருமையிடமும் போனாள். "வா, உனக்கும் ஒரு முட்டு முட்டுறேன். நீதானே எங்களுக்குக் கண்மாய்க்கு இடம் காட்டினே?"

"எனக்கு வேண்டாந் தாயி," என்றது எருமை, அசை போட்டபடியே. "எனக்கு இப்படியே சுகமா இருக்கு."

அடித்துத் துரத்தப்பட்ட கொக்கு எருமை முதுகில் வந்து உட்கார்ந்தது. எருமை தலையில் இனிக் கேள்வி ஏது? வெறும் உண்ணிதான் கிடைத்தது. கொக்கு அதைத் தின்று காலம் தள்ளியது. மழை பெய்தது, எருமை ஏனென்று கேட்காமல் நனைந்துகொண்டு நின்றது.

இப்போதும் கொக்கு வருகிறது. வெள்ளை இறக்கையோடுதான் வரும் என்று ஏமாந்துவிடாதீர்கள். உள்ளங்கையில் வெளிச்சம் போட்டுக்கொண்டும் வரும், "உனக்கெதுக்குச் சிரமம்?" என்று கொஞ்சும். வரட்டுமே! நம் பிள்ளைகள் கேட்கட்டும், நமக்கு அரிக்கட்டும், நாமே சொரிந்துகொள்வோம். ஒரு கேள்வியைக்கூடக் கொடுப்பதாக இல்லை.

எருமை முதுகில் கொக்கு உட்கார்ந்திருப்பதெல்லாம் அந்த வெள்ளிக்கிழமை தொட்டு வந்த பழக்கம்தான். கஷ்டமான கேள்வி ஒன்று வந்தால் மனுசன் கை தானாகத் தலைக்குப் போகிறதே, அதுவும் அன்று தொடங்கியதுதான். விடை தெரியாமல் சொரிகிறான் என்று கொக்குதான் சொல்லிக்கொண்டு திரிகிறது. நம் கை அங்கே போவது காவலுக்கு.