ஆளி விதை விரலை விடாத கதை

அந்தக் காலத்தில், செடிகொடிக்கெல்லாம் வாய் இருந்தபோது, மலைச்சரிவில் ஒரு குளத்தங்கரையில் ஆளிச்செடி அடர்ந்து நின்றது. யார் எதைக் கேட்டாலும் அதற்கு மாட்டேன் என்று சொல்ல வராது.

ஒருநாள் காலையில் செங்காயி வந்தாள். நிறைமாதக்காரி.

"ஆளி, பனி இறங்கப்போகுது. பொறக்கப்போற பிள்ளைக்குப் போர்த்தத் துணியில்ல. உன் தண்டு மஞ்சள் தட்டினதுமே பிடுங்கிக்கிறேன். அப்பத்தான் நார் மெத்துன்னு வரும். சரியா?"

"சரிக்கா" என்று நீலப்பூவை விரித்தது ஆளி.

மதியம் அவள் புருஷன் மாரய்யன் வந்தான்.

"விதை பழுப்பேறி முத்துற வரைக்கும் அசையாதே. விதை போச்சுன்னா உன் வம்சமே போச்சு. சரியா?"

"சரிண்ணே" என்று பூவை உதிர்த்தது.

மறுநாளும் அதே கூத்து. காலையில் விரித்தது, மதியம் உதிர்த்தது. நான் நாருக்கா, விதைக்கா? ஆளிக்குத் தலை சுற்றியது. பக்கத்து எருக்கஞ்செடியைக் கேட்டது.

"ரெண்டு பேருக்கும் தலையாட்டிட்டு என்னைக் கேட்கிறியா?" என்று எருக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

தண்டு மஞ்சள் தட்டிய அன்று பனி இறங்கியது. அன்றே பிள்ளையும் பிறந்தது. குளத்தங்கரைக்கு ஓடி வந்தவன் மாரய்யன். வந்த வேகத்தில் ஆளியை வேரோடு பிடுங்கிக் கட்டினான்.

"அண்ணே, நீங்கதானே அசையாதேன்னீங்க?"

"ஆமா, சொன்னேன். இப்ப நடுங்குறது என் பிள்ளை."

நார் கழல வேண்டுமென்றால் தண்டு ஊற வேண்டும். அவசரத்தில் காயை உருவ மறந்து, கட்டோடு குளத்தில் அமுக்கினான். பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டு காத்திருந்தாள் செங்காயி.

தண்ணீருக்குள் ஆளி அழுகி நாரை நெகிழ்த்தியது. அக்காவுக்குச் சொன்ன சொல் அது. காய்க்குள்ளிருந்து விதைகள் கேட்டன: "அம்மா, நாங்க யாரோட போறது?"

"எனக்கே தெரியலையே. கையில எது கிடைக்குதோ அதைப் பிடிச்சுக்கோங்க."

மாரய்யன் கட்டைத் தூக்கியபோது விதைகள் கொழகொழவென்று அவன் விரல்களில் ஒட்டிக்கொண்டன. உதறினான், வேட்டியில் துடைத்தான். விடவில்லை. கடைசியில் கரைச்சேற்றில் விரலை ஊன்றினான். அங்கேதான் விட்டன.

மறுவருஷம் பிள்ளை ஆளித்துணியைப் போர்த்திக்கொண்டு தவழ்ந்தபோது, கரையெல்லாம் நீலமாக இருந்தது.

அன்று முதல்தான் ஆளி காலையில் பூத்து மதியத்துக்குள் உதிர்க்கிறது. விதையைக் கொஞ்சம் நனைத்துப் பாருங்கள். யாரோடு போவதென்று அதற்கு இன்னும் தெரியாது; கிடைத்த விரலைப் பிடித்துக்கொள்ளும்.