பனையில் தொங்கும் பாதிக் கூடு

அந்தக் காலத்தில் பறவைகளுக்குப் பேசத் தெரியும், கூடு கட்டத்தான் தெரியாது. கண்மாய்க் கரையில் அந்த வித்தை தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி காக்கை கருப்பாயி. இன்னொருவன் மஞ்சளன் என்ற தூக்கணாங்குருவி. மழைக்காலம் நெருங்கினால் எல்லாப் பறவைகளும் இந்த இருவரிடம்தான் வந்து நிற்கும்.

கருப்பாயியின் கூடு வெறும் குச்சிக் குவியல். எந்த மரத்திலும் வைக்கலாம், எந்தக் குச்சியும் ஆகும், குடிவந்தவர் இஷ்டத்துக்குப் பிரித்து மாற்றிக்கொள்ளலாம். மஞ்சளன் கூடோ புல்லைக் கிழித்து நாராக்கிப் பின்னியது. பாம்பு ஏறாது, மழை இறங்காது. ஆனால் தண்ணீர் மேல் சாய்ந்த பனையில் மட்டும்தான் தொங்கும், அவன் கொண்டுவந்த நார் மட்டும்தான் ஏறும். முடித்த கூட்டில் ஒரு நாரை அசைக்கவும் யாருக்கும் உரிமை கிடையாது.

பத்துக் குடும்பத்தில் ஒன்பது கருப்பாயி பக்கம் போயின. மஞ்சளன் சளைக்கவில்லை. "குச்சியை அள்ளிக் கொட்டுனா அது கூடா? ரசனை கெட்ட கூட்டம்!" என்று தலையைச் சிலுப்பிக்கொண்டு அடுத்த கூட்டைப் பின்னினான். பனை முழுக்க அழகழகான கூடுகள் ஆளில்லாமல் ஆடின. பார்க்கவே பாவமாக இருக்கும்.

பிறகு அவன் இனத்துப் பெண்குருவிகளும் ஒவ்வொன்றாகக் குச்சிக் கூட்டுக்குப் போகத் தொடங்கின. அப்போதுதான் அவன் எண்ணிப் பார்த்தான். இந்த மழைக்குள் ஒருத்தியாவது வராவிட்டால் அவனுக்குக் குஞ்சு இல்லை, அவன் பின்னலை அறிந்த ஒரு குருவியும் உலகத்தில் மிஞ்சாது.

கடைசியாக ஒருத்தி வந்தாள். பெயர் செவ்வந்தி. உள்ளே நுழைந்து சுற்றிப் பார்த்தாள். உட்கார்ந்து பார்த்தாள்.

"நல்லாத்தான்யா இருக்கு. காத்தடிச்சாத்தான் ரொம்ப ஆடுது. உள்ள கொஞ்சம் ஈரமண்ணு அப்பிக்கவா? கனமா நிக்கும்."

"மண்ணா? என் கூட்டுலயா?" மஞ்சளனுக்குத் தலை இறகு சிலிர்த்தது. "எனக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிருச்சு? இருக்கிறபடியே வேணும்னா இரு."

செவ்வந்தி பறந்துபோனாள். கருப்பாயியின் வேப்பமரத்தில் ஓரமாக ஒரு குச்சிக் கூடு பிடித்துக்கொண்டாள்.

சில நாளில் ஒரு சேதி வந்தது. கருப்பாயி இரை தேடப் போன நேரத்தில் அவள் கூட்டிலேயே குயில் முட்டையிட்டுவிட்டுப் போய்விட்டதாம். எது தன் முட்டை, எது குயில் முட்டை என்று தெரியாமல் அவள் எல்லாவற்றையும் சேர்த்து அடைகாத்தாளாம். மஞ்சளனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வேப்பமரத்துக்கு ஒரே பாய்ச்சலாகப் போனான்.

"பாத்தியா செவ்வந்தி? கதவில்லாத வீட்டுக்கு யாரு வேணா வருவாங்க. என் கூட்டுல அந்தப் பயம் உண்டா? இப்பவாச்சும் வா."

"பயமில்லதான்," என்றாள் அவள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "எனக்கும் இங்க தூக்கம் வரமாட்டேங்குது. மழையும் வரப்போவுது. ஆனா உன் வீட்டுல நான் விருந்தாளி மாதிரில்ல இருக்கணும்? முட்டை இடப்போறது நான்யா. இங்க ஒரு குச்சியாவது என் இஷ்டத்துக்கு வெச்சிருக்கேன்."

திரும்பினான் மஞ்சளன். வரும் வழியெல்லாம் அவனுக்குக் கோபம்தான். பனைக்கு வந்து, தான் பின்னியதிலேயே உயர்ந்த கூட்டின் முன் உட்கார்ந்தான். எத்தனை அழகு! அத்தனை அழகிலும் அவள் கேட்ட ஒரு உருண்டை மண்ணுக்கு இடமில்லை.

மேற்கே மேகம் கூடிவிட்டது. மஞ்சளன் அலகை நீட்டினான். குழாய் போன்ற நீள வாசலைக் கடித்து அறுத்தான். அடிப்பக்கத்தைப் பிரித்தான். சொந்தப் பிள்ளையை அடிப்பதுபோல் வலித்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. கூடு பாதியானது. மேலே ஒரு கூரையும் குறுக்கே உட்கார ஒரு பட்டையும்தான் மிச்சம். அதில் தொங்கிக்கொண்டு, சிறகை அடித்து, கண்மாயே கேட்கக் கத்தினான்.

"செவ்வந்தி! பாதியில நிறுத்தியிருக்கேன். வந்து பாரு. மீதி நீ சொல்றபடி!"

அவள் வந்தாள். பட்டையில் உட்கார்ந்தாள். ஒரு நாரை இழுத்துப் பார்த்தாள். மஞ்சளன் மூச்சு விடவில்லை. அவள் எழுந்து பறந்துவிட்டாள். போச்சு என்று அவன் தலையைத் தொங்கப்போட்டான்.

திரும்பி வந்தபோது அவள் அலகில் ஈரமண் இருந்தது. அதை உள்ளே அப்பிவிட்டுச் சொன்னாள்: "வாசலக் கீழ்ப்பக்கமா இறக்கு. சீக்கிரம்யா, தூறல் விழுது."

மற்ற பறவைகள் கருப்பாயியிடம் கற்றுக்கொண்டு குச்சிக் கூடுகளையே கட்டிக்கொண்டன. இன்றும் அவர்கள் கூட்டம்தான் பெரிது. மஞ்சளனுக்கு அதில் வருத்தமில்லை; அவன் பின்னலைக் கற்றுக்கொள்ள அந்த மழையில் பொரிந்த குஞ்சுகள் இருந்தன.

அன்று முதல்தான் ஆண் தூக்கணாங்குருவி கூட்டைப் பாதி கட்டிவிட்டு நிறுத்திக் கூப்பிடுகிறது, பெண் வந்து பார்த்துச் சரி என்றால்தான் மீதியை முடிக்கிறது. பனையில் பாதிக் கூடு தொங்கினால் காற்று பிய்த்ததென்று நினைக்காதீர்கள். யாரோ ஒருத்தி வந்து பார்த்து, வேண்டாம் என்று சொல்லிப் போயிருக்கிறாள். அவன் பக்கத்து ஓலையில் அடுத்ததைத் தொடங்கியிருப்பான்.