மேனேஜரின் பைக் சாவி

அந்தப் பனியன் கம்பெனி கக்கூஸில் தண்ணீர் வராமல் மாசக்கணக்காச்சு. மனுசர் எத்தனை தடவைதான் கேட்பது! மேனேஜர் தண்டபாணி, "குறையா? தைரியமாச் சொல்லு தாயி" என்பார். சொன்னவளை மறுநாளே அயர்ன் மேசைக்கு மாற்றி வேகவைப்பார்.

ஒருநாள் முதலாளி வருவதாகச் சேதி வந்தது. பனியனில் நூல் பிசிறு வெட்டும் மயிலாத்தாளை மேனேஜர் கூப்பிட்டார்.

"முதலாளி குறை கேப்பாரு. யாரும் பேசலைன்னா எனக்குத்தான் கெட்ட பேரு. நீ பேசு. ஆனா உங்க கஷ்டம் ஒண்ணுகூட வாயில வரக் கூடாது. என்னைப் பத்திக் கரிசனமாப் பேசு."

"சரிங்க" என்றாள்.

முதலாளி வந்து கேட்டதும் எழுந்தாள்.

"எங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லீங்க. மேனேஜரைப் பார்த்தாத்தான் பாவமா இருக்குதுங்க. கக்கூஸ்ல தண்ணி இல்லாம, அவசரம்னா பைக்கை எடுத்துட்டு வீட்டுக்கு ஓடுறாருங்க. அவருக்காகவாச்சும் குழாயைச் சரி பண்ணுங்க."

மேனேஜர் முகம் வெளிறியது. "தண்ணி இல்லைன்னு எனக்குத் தெரியவே தெரியாதுங்க..."

"அப்புறம் எதுக்கு வீட்டுக்கு ஓடுறீங்க?" முதலாளி கையை நீட்டினார். "பைக் சாவியைக் குடுங்க. தண்ணி வந்ததும் வாங்கிக்கங்க."

மத்தியானச் சோற்றுக்கு மணி அடிக்கும் முன்னே குழாயில் தண்ணீர் கொட்டியது.