வெங்காயத்துக்கு ஏது தாள்?

எதையாவது தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று சமையல்காரி பேச்சாயிக்கு அடுப்படியிலேயே உடம்பு நடுங்கியது. நடுங்காமல் என்ன செய்யும்? அந்தக் காலத்தில் செம்பனூரை ஆண்ட அலங்காரவர்மன் என்ற ராஜாவுக்குப் பசி வந்தால் சோறு வேண்டும், கோபம் வந்தால் யாருடைய நாக்காவது வேண்டும்.

அன்று அவள் வைத்த பொரியலைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கித் தின்ற ராஜா, இது என்னவென்று கேட்டனுப்பினார். வெங்காயத்தாள் என்று சொல்லியனுப்பினாள். உடனே விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றி அவளுக்குக் கொடுக்கச் சொன்னார். அந்த மோதிரத்தின் மேல் நெடுநாளாகக் கண் வைத்திருந்தவர் ஆஸ்தானப் புலவர் வாகீசர். அவருக்கு வயிறு எரிந்தது.

"மகாராஜா, தாள் என்றால் திருவடி. 'மன்னவன் தாள் பணிவோம்' என்று நேற்றுத்தான் பாடினேன். இன்று இவள் வெங்காயத்துக்கும் தாள் வைத்துவிட்டாள். வைத்ததோடு விட்டாளா, நறுக்கித் தாளித்தும் விட்டாள்."

ராஜா தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார். முகம் சிவந்தது. வெங்காயத்துக்குத் தாள் எப்படி வந்தது என்று அவளே சபைக்கு வந்து சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நாக்கு போய்விடும் என்று உத்தரவு பிறந்தது.

சபையில் வந்து நின்ற பேச்சாயி முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள்.

"சாமி, வெங்காயத்துக்குத் தலை எங்கே இருக்கு?"

"மண்ணுக்குள்ளே."

"அப்போ மேலே நிக்கிறது?"

ராஜா யோசித்தார். "கால்."

"அதுதான் சாமி. உங்களைக் கும்பிட்டு விழுந்த வெங்காயம் இன்னும் எந்திரிக்கலே. தலை மண்ணுக்குள்ளே போயிருச்சு, காலு மேலே நிக்குது. அதனாலேதான் தாள்னு சொல்றோம். நம்ம புலவர் இடுப்பு வரைக்கும்தானே குனியறார்."

சபையில் யாரோ சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார்கள். வாகீசர் விடவில்லை. அவ்வளவு பக்தியுள்ளதன் காலை நறுக்கியது பாவமில்லையா என்று மடக்கினார்.

"நறுக்கினாலும் அது தலையைத் தூக்கலியே. புதுக் காலை முளைக்க வச்சுக்கிட்டுக் கும்பிட்டபடியே நிக்குது. புலவர் ஐயாவும் அப்படிச் செய்வார், கேட்டுப் பாருங்க சாமி."

ராஜா புலவரின் கால்களை ஆவலோடு பார்த்தார். வாகீசர் இரண்டையும் வேட்டிக்குள் இழுத்துக்கொண்டு, தமக்கு வாதக் கோளாறு என்று முனகினார். ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். பொழுது சாயும் மட்டும் வெங்காயப் பாத்தியில் தலை மண்ணில் படக் கும்பிட்டுக் கிடக்கும்படி அவரை அனுப்பிவிட்டு, என்ன வேண்டும் என்று பேச்சாயியைக் கேட்டார்.

அவளுக்கு நடுக்கம் நிற்கவில்லை. இன்றைக்குத் தாள், நாளைக்கு எந்தச் சொல்லில் மாட்டுவோமோ. பொன்னும் வேண்டாம், நிலமும் வேண்டாம் என்றாள்.

"இனிமே சமைக்கிறது நான், சாமி. அதுக்குப் பேர் சொல்றது புலவர்."

மறுநாள் ராஜாவின் இலையில் வாழைத்தண்டுக் கூட்டு. இது என்னவென்று ராஜா புலவரைக் கேட்டார். தண்டு என்றால் படை என்றும் பொருளுண்டு. ராஜாவின் படையை வேகவைத்த கதையை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், நெற்றியில் மண்ணோடு வாகீசர் வாயைத் திறந்து திறந்து மூடினார். பேச்சாயி அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தாள்.